குண்டு ஏழு மணிப் பக்கமே போகிறது, பிஸ்டலை விற்றுவிடலாமா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக: "மதுரையில் வங்கி வேலை. வயது 34. ஒரு வருடமாக ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். வலது கைப் பழக்கம். கிளப்பில் சீனியர் ஒருவரிடமிருந்து காற்றழுத்த சிலிண்டர் வைத்த மேட்ச் பிஸ்டல் (போட்டிக்கான பிஸ்டல்) ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். நடுவில்தான் குறி வைக்கிறேன், ஆனால் குண்டு இடப்பக்கம் கீழே, கடிகாரத்தில் ஏழு மணி, எட்டு மணி இருக்கும் பக்கமாகவே போகிறது. குறி பார்க்கும் பின் சைட்டை மேலேயும் வலப்பக்கமும் திருப்பினேன். ஒரு நாள் சரியாக இருந்தது. மறுவாரம் சில குண்டுகள் வலப்பக்கம் மேலே போயின, சில பழையபடி கீழே. திரும்பத் திரும்பத் திருப்பியதில் எத்தனை கிளிக் (சைட் திருகின் ஒரு படி) என்ற கணக்கே விட்டுப்போய்விட்டது. 'இப்போ' என்று தோன்றும் நொடியில் சரியாகத்தான் டிரிகரை அழுத்துகிறேன். குழல் வளைந்திருக்குமா? விற்றுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார் கணவர். மூன்று டார்கெட் தாள்களையும் நான் பிஸ்டல் பிடித்திருக்கும் படத்தையும் இணைத்திருக்கிறேன். மூன்றாவது தாள் தோழி என் பிஸ்டலில் சுட்டது."

அன்புள்ள சகோதரிக்கு,

விற்க வேண்டாம். குழலும் வளையவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களிலேயே இதற்கு விடை இருக்கிறது. அந்த மூன்றாவது தாளை நீங்கள் அனுப்பாமல் இருந்திருந்தால் இத்தனை உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

முதல் தாளை எடுங்கள். சைட்டைத் தொடுவதற்கு முன் சுட்ட பத்துக் குண்டு. டார்கெட்டில் நடு வட்டம் 10, வெளியே போகப் போக 9, 8 என்று எண் குறையும். மூன்று குண்டுகள் 9, 10 வட்டங்களில் இருக்கின்றன. மற்ற ஏழும் நடுவிலிருந்து ஏழு மணிப் பக்கமாகச் சாய்ந்து ஒரு கோடு போல நீண்டு, கடைசிக் குண்டு 6-வது வட்டத்தில் விழுந்திருக்கிறது. சைட் மட்டும் தப்பாக இருந்தால் பத்தும் ஒரே இடத்தில் கொத்தாக, நடுவை விட்டுத் தள்ளி விழும். அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தப்பு செய்யும். உங்கள் தாளில் தப்பின் திசை ஒன்றாக இருக்கிறது, அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு குண்டுக்குக் கொஞ்சம், அடுத்ததற்கு நிறைய, நடுவில் ஒன்றுக்கு இல்லவே இல்லை. இப்படிச் செய்வது கை.

இப்போது மூன்றாவது தாள். தோழி சுட்ட ஐந்து குண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஓட்டையாக இருக்கின்றன. ஆனால் இடம், வலப்பக்கம் மேலே, ஒன்று ஒன்றரை மணி இருக்கும் திசையில். உங்கள் குண்டு போகும் திசைக்கு நேர் எதிர். பிஸ்டல் ஐந்து குண்டையும் ஒரே இடத்தில் போடுகிறது, அதனால் குழலும் பெல்லட்டும் (அதில் போடும் சின்னக் குண்டு) நன்றாகத்தான் இருக்கின்றன. அந்த இடம் தள்ளியிருப்பதற்குக் காரணம் நீங்கள் திருப்பிய கிளிக்குகள். உங்கள் கை இடப்பக்கம் கீழே இழுப்பதைச் சரிக்கட்ட சைட்டை மேலேயும் வலப்பக்கமும் தள்ளியிருக்கிறீர்கள். கை இழுக்காத குண்டு இப்போது வலப்பக்கம் மேலே போகிறது. நீங்கள் சரியாகச் சுட்ட குண்டுகளுக்குத்தான் மார்க் குறைகிறது. உங்களைக் குழப்பிய இரண்டாவது தாளுக்கு இதுதான் விளக்கம். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம், ஏனென்றால் நல்ல குண்டைக் கெட்டது என்று கண் நம்ப ஆரம்பித்தால் கற்றுக்கொள்வது நின்றுபோகும்.

இத்தனை சின்ன இழுப்பு எப்படி ஆறாவது வட்டம் வரை கொண்டுபோகும் என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். உங்கள் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள தூரம் சுமார் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டார்கெட் 10 மீட்டரில். டிரிகர் விடுபடும் நேரத்தில் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்தால் குண்டு 30 மில்லிமீட்டர் இடப்பக்கம் போகும். ஏர் பிஸ்டல் டார்கெட்டில் ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட நாலு வட்டம். டார்கெட்டின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம் முழுவதுமே 59.5 மில்லிமீட்டர் விட்டம்தான், அதனால் நடுவில் போக வேண்டிய குண்டு கறுப்பின் ஓரத்துக்குப் போய்விடும். மாறாக, இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று நேராகவே இருந்து, கை மட்டும் மொத்தமாக 5 மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் ஆடும். ஒரு வட்டம்கூட இல்லை. எல்லோரும் கை ஆடுகிறதே என்று பயப்படுகிறார்கள். ஆட்டம் அத்தனை பெரிய எதிரி இல்லை. மணிக்கட்டு மடங்குவதுதான் எதிரி.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி போதும், மணிக்கட்டு எப்போது மடங்குகிறது என்று தெரிந்துவிடுகிறது. "'இப்போ' என்று தோன்றும் நொடியில் அழுத்துகிறேன்" என்கிறீர்கள். அந்த 'இப்போ'வில் ஆள்காட்டி விரல் மட்டும் அசைவதில்லை. மற்ற மூன்று விரலும் கூடவே இறுகுகின்றன, கட்டைவிரல் அழுத்துகிறது, மணிக்கட்டு ஒரு இழை கீழே விழுகிறது. வலது கைக்காரருக்கு இதெல்லாம் சேர்ந்தால் குழல் முனை இடப்பக்கம் கீழே போகும். இடது கைக்காரராக இருந்தால் வலப்பக்கம் கீழே போயிருக்கும். கறுப்புக்குக் கீழே முன் சைட் சரியாக நிற்கிற அந்த ஒரு நொடியைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். அதைப் பிடிக்க முடியாது. சைட் நின்றது என்று கண் சொல்லி, மூளை கேட்டு, விரல் அசைவதற்குள் பிஸ்டல் வேறு இடத்தில் இருக்கும். அழுத்தம் முன்பே தொடங்கி, சைட் அந்தப் பகுதியில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்போதே கூடிக்கொண்டு போக வேண்டும். விடுபடும் நொடி எது என்று முன்கூட்டித் தெரியக் கூடாது.

சரி, எல்லாம் உங்கள் கைதான் என்று சொல்லிப் பிஸ்டலை முழுக்க விடுவிக்கவும் மாட்டேன். நீங்கள் பிடித்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மரக் கிரிப் (கைப்பிடி) உங்கள் கைக்குப் பெரிது. விற்றவர் ஆண், கை பெரிதாக இருந்திருக்கும். உங்கள் ஆள்காட்டி விரல் டிரிகரை எட்டுவதற்காக உள்ளங்கையை கிரிப்பைச் சுற்றி வலப்பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். கட்டைவிரலின் அடிப்பகுதிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தெரிகிறது. விரல் நுனி மட்டும் டிரிகரின் ஓரத்தில் படுகிறது. அப்படிப் பட்டால் விரல் நேராகப் பின்னால் வராது, இடப்பக்கம் தள்ளும். விரலின் அடிக்கணு மரத்தில் உரசிக்கொண்டும் இருக்கிறது, அதுவும் அழுத்தும்போது பிஸ்டலை இடப்பக்கம் தள்ளும். தோழியின் கை உங்களைவிட நீளமாக இருந்தால் அவருக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

இதற்குப் பிஸ்டலை மாற்ற வேண்டியதில்லை. மேட்ச் பிஸ்டல்களில் டிரிகரையே முன்னும் பின்னும் நகர்த்த வழி இருக்கும், சின்ன ஆலன் கீ போதும். முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள சதை டிரிகரில் படும்படி, விரலின் மற்ற பகுதி மரத்தைத் தொடாதபடி பின்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். அது போதவில்லை என்றால் சிறிய அளவு கிரிப் தனியாகக் கிடைக்கும். அல்லது இப்போதிருப்பதையே கொஞ்சம் இழைத்து, இடைவெளி இருக்கும் இடத்தில் மர மக்கு வைத்து உங்கள் கைக்கு அமைத்துக்கொள்ளலாம். இழைப்பதை கோச்சின் மேற்பார்வையில், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். எடுத்த மரம் திரும்ப வராது.

கிரிப் அமைந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குண்டு போடாமல், முனை டார்கெட் பக்கம் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி வழக்கமான உயரத்தில் நிறுத்துங்கள். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறவுங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவில், இரண்டு பக்கமும் சம வெளிச்சத்தோடு நிற்க வேண்டும். இடப்பக்கம் ஒட்டி நின்றால் கிரிப் உங்கள் மணிக்கட்டைத் திருப்புகிறது. சைட் நேராக இருந்து, மொத்தப் பிஸ்டலும் பக்கத்து டார்கெட்டைப் பார்த்தால் கால் நிலையை மாற்றுங்கள், மணிக்கட்டை அல்ல. இதை ஒருநாள் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மதுரை வெயிலில் காலை ஏழு மணிக்கே உள்ளங்கை வேர்க்கும், வேர்த்த கை கிரிப்பில் நழுவி வேறு இடத்தில் உட்காரும். ஒவ்வொரு சில குண்டுக்கும் பிறகு கையையும் மரத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

அப்புறம் சைட். நீங்கள் போட்ட கிளிக்குகளை நினைவில் வைத்துத் திருப்பி எடுக்கப் பார்க்க வேண்டாம், அந்தக் கணக்கு போய்விட்டது. முதலில் உங்கள் பிஸ்டலில் எந்தப் பக்கம் திருப்பினால் குண்டு எங்கே போகும் என்று உறுதி செய்யுங்கள். இதில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். சில தயாரிப்புகளில் திருகில் உள்ள எழுத்து குண்டு போக வேண்டிய திசையைச் சொல்லும், சிலவற்றில் குண்டு இப்போது போகிற திசையைச் சொல்லும். நினைவில் கொள்ள ஒன்றே போதும்: பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் குண்டும் நகரும். கோச்சையோ தோழியையோ ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். பத்து கிளிக் திருப்பி இன்னொரு ஐந்து. இரண்டு கொத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தால் உங்கள் பிஸ்டலில் ஒரு கிளிக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். நோட்டில் எழுதி வையுங்கள். அவருடைய கொத்து நடுவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். உங்கள் கண்ணுக்கும் அவர் கண்ணுக்கும் சில கிளிக் வித்தியாசம் இருக்கலாம், மூன்று நான்கு வட்டம் இருக்காது.

அந்தச் சில கிளிக்கை நீங்களே சரிசெய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு, தாளையோ திரையையோ பார்க்கும் முன், அது எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிரிகர் விடுபட்டபோது முன் சைட் எங்கே இருந்தது என்று கண்ணில் பதிந்ததை வைத்துச் சொல்ல வேண்டும். "ஏழு மணி, எட்டாவது வட்டம்" என்று சொன்னீர்கள், குண்டும் அங்கேயே இருக்கிறது என்றால் தப்பு கையில், சைட்டைத் தொடாதீர்கள். "நடு" என்று சொன்னீர்கள், குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருக்கிறது என்றால் அப்போது திருப்புங்கள். சொல்லவே தெரியவில்லை என்றால் விடுபடும் நேரத்தில் கண் மூடியிருக்கிறது, அல்லது டார்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பார்வை முன் சைட்டில் இருக்க வேண்டும். அது கூர்மையாகவும் கறுப்பு மங்கலாகவும் தெரிவதுதான் சரி. போட்டியில் 60 குண்டு தொடங்கும் முன் சைட் பார்த்துக்கொள்ள 15 நிமிடம் தருகிறார்கள். இப்படிச் சொல்லப் பழகியவர்களுக்கு அந்த நேரத்தில் சில குண்டு போதும்.

பீஜிங்கில் 2008 ஆகஸ்ட் 11 அன்று அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். அந்த இறுதிச் சுற்றுக்கு முன் சைட் பார்க்கச் சுட்ட குண்டு நடுவை விட்டு எங்கோ போய் 4-ஐ ஒட்டி விழுந்தது. தன் கை அப்படிச் சுடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதறாமல் சைட்டைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு போட்டியைத் தொடங்கினார். கருவியில் தப்பு நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. கையை அறிந்தவருக்குத்தான் அது கருவியின் தப்பு என்று உடனே தெரிகிறது.

'நடுவில்தான் குறி வைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் செய்கிறீர்களா என்று கோச்சிடம் காட்டுங்கள். ஏர் பிஸ்டலில் பெரும்பாலோர் கறுப்புக்குக் கீழே, வெள்ளையில் கொஞ்சம் இடம் விட்டு முன் சைட்டை நிறுத்துகிறார்கள். கறுப்பு சைட்டைக் கறுப்பு வட்டத்துக்குள் வைத்தால் விளிம்பு தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு. குண்டு குறி வைத்த இடத்துக்கு மேலே, நடுவில் விழும்படி சைட் அமைந்திருக்கும். சில குண்டுக்குக் கீழேயும் சில குண்டுக்கு நடுவிலும் நிறுத்தினால் மேலும் கீழும் 30, 40 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். இடம் வலத்துக்கு இது காரணமாகாது.

காற்றழுத்தமும் அப்படித்தான். சிலிண்டரில் அழுத்தம் மிகக் குறைந்தால் வேகம் குறையும், குண்டு கீழே விழும். விநாடிக்கு 150 மீட்டரில் போகும் குண்டு 10 மீட்டருக்குள் சுமார் 22 மில்லிமீட்டர் இறங்குகிறது, 140 மீட்டரானால் 25. வெறும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். உங்கள் ஏழு மணிக் குண்டுக்கு சிலிண்டர் மீது பழி போட முடியாது. ஆனாலும் சிலிண்டரில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் சொல்கிறேன், பல தயாரிப்பாளர்கள் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். காலாவதியானதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பிக் கையில் பிடிப்பது ஆபத்து. பின் சைட், முன் சைட், கிரிப், குழல் முனை ஆகியவற்றின் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெல்லட் டப்பாவில் தலை விட்டம் 4.49, 4.50 (மில்லிமீட்டர்) என்று எழுதியிருக்கும், ஒரே அளவில் தொடருங்கள். மற்றபடி உள்ளே எதையும் பிரிக்க வேண்டாம்.

பயிற்சிக்கு வருவோம், உண்மையான மாற்றம் இங்கேதான். மூன்று வாரம் டார்கெட்டில் வட்டமே வேண்டாம். தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் சுடுங்கள். குறி வைக்க ஒன்றும் இல்லாதபோது 'இப்போ' என்று சொல்ல மூளைக்கு வேலை இருக்காது. கண் முன் சைட்டில் நிற்கும், விரல் தன் போக்கில் அழுத்தும். மார்க் பார்க்காதீர்கள், கொத்து சிறிதாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வீட்டில் டிரை ஃபயர் (குண்டு இல்லாமல் டிரிகரை அழுத்தும் பயிற்சி) செய்யுங்கள், பிஸ்டலில் அதற்கென்று தனி அமைப்பு இருக்கும். குழலில் குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத வெறும் சுவரைப் பார்த்து. டிரிகர் விடுபட்ட பிறகும் ஒரு விநாடி கையை இறக்காமல் முன் சைட்டைப் பாருங்கள். விடுபட்ட நொடியில் அது பள்ளத்துக்குள் அசையாமல் நின்றால் நல்ல குண்டு. லேசாக இடப்பக்கம் கீழே துள்ளினால் உங்கள் ஏழு மணி அதுதான், கண்ணெதிரே. கிளப்பில் தோழியை ஒரு உதவி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அவரே பிஸ்டலைத் தயார் செய்து மேசைமேல் வைக்கட்டும். சிலமுறை குண்டு இருக்கட்டும், சிலமுறை டிரை ஃபயரில் இருக்கட்டும், எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. குண்டு இல்லாத முறையும் முனை கீழே முங்கினால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியும். டிரிகரின் எடையைக் குறைக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். விதிப்படி 500 கிராம் குறைந்தபட்சம், அதற்குக் கீழே போனால் போட்டியில் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். அதோடு, இழுக்கிற கைக்கு லேசான டிரிகர் உதவாது, இன்னும் சீக்கிரம் இழுக்கத்தான் வைக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரு வட்டப் படம் சுற்றுகிறது, ஏழு மணியில் விழுந்தால் இந்தத் தப்பு, மூன்று மணியில் விழுந்தால் அந்தத் தப்பு என்று. ஒற்றைக் கையால் சுடும் பிஸ்டலுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் சைட் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பார்க்க வேண்டும். உங்கள் பிஸ்டலை இப்போது இருக்கும் நிலையில் அந்தப் படத்தோடு ஒப்பிட்டால், தோழியின் அருமையான ஐந்து குண்டையும் தப்பு என்று அது சொல்லும்.

டிரிகரையும் சைட்டையும் சரிசெய்து, ஆறு வாரம் கழித்து, கோச் மறுபடி உங்கள் பிஸ்டலில் பத்துக் குண்டு சுடட்டும். அவருக்கும் கொத்து சிதறினால், அல்லது நாளுக்கு நாள் கொத்தின் இடம் மாறினால், அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்துக்கு அனுப்பி சைட், ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் பகுதி), குழல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது விற்பது பற்றிக் கணவரோடு பேசலாம். கோச்சுக்குச் சிதறாமல் ஒரே ஓட்டையாக விழுந்தால், புதுப் பிஸ்டலுக்கு ஒதுக்கிய பணத்தில் உங்கள் கைக்கு ஏற்ற கிரிப் ஒன்றும் பயிற்சிக்கு வேண்டிய பெல்லட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.